புத்தகத்தில் இல்லாத செடி

சென்ற ஆடியில் பரணைத் துப்புரவு செய்தபோது ஒரு பழைய டிரங்குப் பெட்டி கீழே இறங்கியது. முதுகலை மாணவனாக 1987இல் நான் ஒப்படைத்து, மதிப்பெண் போட்டபின் திரும்பி வந்த ஐம்பது உலர்தாவரத் தாள்களில் பதினேழு அதன் அடியில் கிடந்தன. மற்றவை பூச்சிக்கு இரையாகியிருந்தன. தப்பிய பதினேழில் ஒன்று, வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய களையான பார்த்தீனியம். இலை பழுப்பேறி, தண்டு தாளோடு தாளாக ஒட்டிப்போயிருந்தாலும், மிளகைவிடச் சிறிய அதன் பூந்தலைகள் மட்டும் உதிராமல் இருந்தன. வலது கீழ்மூலையில் என் கையெழுத்தில் ஒரு சீட்டு. தாவரத்தின் பெயர், குடும்பம், பறித்த நாள் எல்லாம் ஒழுங்காக எழுதியிருந்த நான், இடம் என்று வந்தபோது "தர்மபுரி மாவட்டம், சாலையோரம்" என்று முடித்துவிட்டிருந்தேன்.

படித்ததும் என்மேலேயே கோபம் வந்தது. 1987இல் தர்மபுரி மாவட்டம் என்பது ஓசூர் எல்லையில் தொடங்கி அரூரையும் தாண்டிக் கிடந்த நிலப்பரப்பு. சேலத்திலிருந்து 1965 அக்டோபர் 2இல் பிரிந்த அந்த மாவட்டத்திலிருந்து 2004 பிப்ரவரி 9இல் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. ஆகவே இந்தத் தாள் இன்று எந்த மாவட்டத்துக்குச் சேரும் என்று கேட்டால், பறித்தவனாகிய எனக்கே விடை தெரியவில்லை. பெங்களூர் சாலையில் சூளகிரிப் பக்கம் பறித்தேனா, பாலக்கோட்டில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் பறித்தேனா என்பது நினைவில் இல்லை. பார்த்தீனியம் போன்ற ஒரு செடிக்கு இந்த இரண்டு இடங்களுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் முழுக் கதையும். அது எந்தத் திசையிலிருந்து, எந்த ஆண்டு, எந்தச் சாலை வழியாக இங்கே நுழைந்தது என்பதற்கு ஒரு சிறு சாட்சியாக நின்றிருக்க வேண்டிய தாள், நான் பத்துச் சொல் எழுதச் சோம்பியதால் வெறும் காய்ந்த இலையாகிவிட்டது.

ஒரு வட்டாரத்தின் தாவரவளத்தை எழுதி வைக்கும் நூல்களைப் பற்றியும், வெளியிலிருந்து வந்து பரவிய செடிகளைப் பற்றியும் நீண்ட நாளாக எழுத நினைத்திருந்தேன். அந்தச் சீட்டு என்னை உட்கார வைத்துவிட்டது.

நம் பகுதிச் செடிகளுக்குப் பெயர் காண இன்றும் பலரும் முதலில் புரட்டுவது கேம்பிள் எழுதிய சென்னை மாகாணத் தாவரவள நூலைத்தான். வனத்துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஜே. எஸ். கேம்பிள் அதை 1915 முதல் பகுதி பகுதியாக வெளியிடத் தொடங்கினார். 1925இல் அவர் இறந்தபின், அவரைப் போலவே வனத்துறையிலிருந்து வந்த சி. இ. சி. ஃபிஷர் அதைத் தொடர்ந்து 1936இல் முடித்தார். கஞ்சம் முதல் திருநெல்வேலி வரை பரந்த ஒரு மாகாணத்தின் பூக்கும் தாவரங்களை இருபது ஆண்டுகளுக்கு மேலாக உட்கார்ந்து எழுதிய அந்த உழைப்பின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் அதில் ஒரு செடி எங்கே வளர்கிறது என்று தேடினால், நம் பகுதிக்குக் கிடைப்பது பெரும்பாலும் "சேலம்" என்ற ஒரு சொல்தான். அன்றைய சேலம் மாவட்டத்துக்குள் ஓசூரும் இருந்தது, தர்மபுரியும் இருந்தது. கேம்பிள் செய்ததையேதான் எழுபது ஆண்டு கழித்து நானும் செய்திருக்கிறேன். அவருக்காவது ஒரு மாகாணத்தையே எழுதி முடிக்க வேண்டிய அவசரம் இருந்தது என்று சொல்லலாம். எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது.

பிறகு வந்தவற்றில், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினாட் ஹெர்பேரியம் என்ற உலர்தாவரக் காப்பகத்திலிருந்து கே. எம். மேத்யூ பாதிரியார் 1981க்கும் 1983க்கும் இடையில் வெளியிட்ட தமிழகக் கர்நாடகப் பகுதித் தாவரவளத் தொகுதிகள் என் கணக்கில் தனி இடம் பெறுபவை. இங்கே கர்நாடகம் என்றால் இன்றைய மாநிலம் அன்று. கிழக்குக் கடற்கரைக்கும் மலைகளுக்கும் இடைப்பட்ட பகுதிக்கு வழங்கிய பழைய பெயர். சேர்வராயன், கல்வராயன், கொல்லி, பச்சைமலை என்று மலை மலையாக ஏறி, எந்த மலையில் எந்தச் செடி என்று சேகர எண்ணோடு எழுதிய நூல் அது. மாவட்டப் பெயரோடு நிற்காமல் ஊர்ப்பெயர் வரை இறங்கியதுதான் அதன் பெருமை. இந்தியத் தாவரவியல் ஆய்வு நிறுவனத்தின் கோவை மையமும் 1983, 1987, 1989 ஆகிய ஆண்டுகளில் தமிழ்நாட்டுத் தாவரவளத்தை மூன்று தொகுதிகளாகக் கொண்டுவந்தது.

இந்த நூல்களை வைத்துச் செடிக்குப் பெயர் காணும் முறையைத் தெரியாதவர்களுக்கு ஒரு சொல் சொல்லிவிடுகிறேன். திறவுகோல் என்று ஒன்று இருக்கும். இலை எதிரெதிரா, மாற்றடுக்கா என்று இரண்டு வழி கேட்கும். ஒன்றைத் தேர்ந்தால் அடுத்த இரண்டு வழிக்கு அனுப்பும். இப்படியே கவைக்குக் கவை போய்க் கடைசியில் ஒரு பெயரில் நிற்போம். நூலில் உள்ள செடியாக இருந்தால் இது அருமையாக வேலை செய்யும். நூலில் இல்லாத செடியைக் கொண்டுபோய் நிறுத்தினாலும் திறவுகோல் "இது என்னிடம் இல்லை" என்று சொல்லாது என்பதுதான் சிக்கல். இரண்டில் ஒன்று, இரண்டில் ஒன்று என்று தள்ளிக்கொண்டே போய், ஏதோ ஓர் உள்ளூர்ச் செடியின் பெயரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடும். ஓர் ஆண்டு வகுப்பில் பார்த்தீனியத்தைக் கொடுத்து, கேம்பிளை வைத்துப் பெயர் காணுங்கள் என்று மாணவர்களிடம் வேண்டுமென்றே விட்டேன். சூரியகாந்தி வகையறா என்பது வரை எல்லோரும் சரியாக வந்து சேர்ந்தார்கள். அதற்குமேல் ஆறு பேர் நான்கு பெயர்களோடு வந்து நின்றார்கள். நான்கும் தவறு, ஏனெனில் அந்த நூலில் பார்த்தீனியம் கிடையாது. இந்தியாவுக்குப் புதிய வரவு என்று புணேயில் கண்ட செடியை வைத்து அதைத் தாவரவியலார் பதிவு செய்தது 1950களின் நடுவில்தான்.

ஆகவே பழைய தாவரவள நூலின் மௌனமும் ஒரு தகவல். ஒரு செடி 1921இல் இல்லை, 1983இல் இருக்கிறது என்றால், நடுவில் எப்போதோ வந்திருக்கிறது என்று ஊகிக்கலாம். அயல்தாவரப் பரவலைப் பற்றிய ஆய்வுகளில் பெரும்பகுதி இந்த எளிய கழித்தல் கணக்கின்மேல்தான் நிற்கிறது. ஆனால் இதை முழுதாக நம்பியவர்கள் ஏமாந்ததும் உண்டு. பார்த்தீனியம் அமெரிக்காவிலிருந்து உதவித் திட்டத்தில் வந்த கோதுமையோடு கலந்து வந்தது என்ற கதை ஊரறிந்தது. பள்ளிப் பாடம் நடத்தும்போது நானும் அதையே பல ஆண்டு சொல்லியிருக்கிறேன். பின்னர் பழைய ஹெர்பேரியங்களைக் கிளறியவர்கள், அந்தக் கோதுமைக் கப்பல்கள் வருவதற்கு வெகு முன்பே இந்தியாவில் பறித்து ஒட்டிய பார்த்தீனியத் தாள்களைக் கண்டெடுத்தார்கள். கோதுமையோடும் வந்திருக்கலாம், அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் முதல் வரவு அது அன்று.

நூல் சொல்லாததற்கு இன்னொரு காரணம் உண்டு. அதை எங்கள் துறைக்காரர்கள் வெளியே பேசுவதில்லை. செடி சேகரிக்கக் கிளம்புகிறவன் களையைப் பறிக்கக் கிளம்புவதில்லை. சித்தேரி மலைக்கும் வத்தல்மலைக்கும் மேலகிரிக்கும் போவான்; ஓர் ஆர்க்கிட் கிடைத்தால் நாலு பேரிடம் சொல்வான்; பேருந்து நிலையத்துக்குப் பின்னால் குப்பைமேட்டில் முளைத்ததைத் திரும்பியும் பார்க்க மாட்டான். அயல்தாவரங்களோ முதலில் இறங்குவது அந்தக் குப்பைமேட்டில்தான். இருப்புப்பாதைச் சரளை, லாரிகள் நிற்கும் இடம், சந்தைத் திடல், புதிதாகத் தோண்டிய சாலையோரம் ஆகியவைதான் அவற்றுக்கு நுழைவாயில். எனவே ஒரு களை ஒரு வட்டாரத்தில் காலூன்றி இருபது, முப்பது ஆண்டு ஆன பிறகுதான் நூலுக்குள் நுழைகிறது. நூலில் அதன் முதல் பதிவு ஆண்டு என்பது செடி வந்த ஆண்டு அன்று. தாவரவியலாருக்கு அலுத்துப்போய், சரி, இதையும் ஒன்று பறித்து வைப்போம் என்று தோன்றிய ஆண்டு.

இதற்கு எங்கள் பக்கத்தில் நல்ல எடுத்துக்காட்டு ரயில் பூண்டு. க்ரோட்டன் போன்பிளாண்டியானஸ் என்ற அதன் ஊர் தென் அமெரிக்கா. முழங்கால் உயரம், நுனியில் கம்பியாக நீளும் பூங்கொத்து. தர்மபுரியிலிருந்து ஓசூர் வரை எந்த ரயில் நிலையத்தில் இறங்கினாலும் நடைமேடையின் கடைசியில் நிற்கும். அது எப்படிப் பரவியது என்பதைத் தாவரவியலார் கட்டுரையாக எழுதுவதற்கு முன்பே ஊர்க்காரர்கள் பெயராக வைத்துவிட்டார்கள்.

பெயர்களை இப்படிச் சாட்சிக்கு அழைப்பது எனக்குப் பிடித்த வேலை. ஆனால் அந்தச் சாட்சியும் இரண்டு பக்கமும் பேசும். சீமை என்று தொடங்கினால் கப்பலில் வந்தது என்று பொருள். சீமைக்கருவேலம், சீமையகத்தி போல. பரங்கிக்காயின் பெயரில் பரங்கியரே உட்கார்ந்திருக்கிறார்கள். மிளகாய் என்ற சொல்லைப் பிரித்தால், மிளகை மட்டுமே அறிந்திருந்த ஒரு சமையற்கட்டு புதிதாக வந்த காரத்துக்கு அதே பெயரை நீட்டியது தெரியும். எதிர்ப்பக்கம் பிரம்மதண்டைப் பாருங்கள். மஞ்சள் பூ, சாம்பல் பூத்த முள்ளிலை, கிள்ளினால் மஞ்சள் பால். பிரம்மனின் தண்டம் என்று பெயர் வைத்து, மூலிகை என்று மதித்து வைத்திருக்கிறோம். அதன் தாவரவியல் பெயரோ ஆர்ஜிமோன் மெக்சிகானா. மெக்சிகோ என்று பெயரிலேயே எழுதியிருக்கிறது. அதன் விதை பார்வைக்குக் கடுகு போலவே இருக்கும். கடுகெண்ணெயில் அது கலந்ததால் 1998இல் டெல்லியில் நீர்க்கோவை நோய் பரவிப் பலர் இறந்தார்கள். அடிபட்டால் கசக்கி வைக்கும் வெட்டுக்காயப் பூண்டும் அப்படித்தான். மூக்குத்திப்பூ என்று எவ்வளவு வீட்டுத்தனமான பெயர்! ட்ரைடாக்ஸ் புரோகும்பென்ஸ் என்ற அதுவும் நடு அமெரிக்கச் செடி. பாட்டி வைத்தியம் என்று நாம் சொல்வதில் எத்தனை பாட்டிகளுக்கு முந்தையது எது என்று கேட்டால் பலருக்குச் சங்கடமாக இருக்கும்.

இதை ஒருநாள் எங்கள் ஊர் ஏரிக்கரையில் ஆடு மேய்க்கும் ஆயா ஒருவரிடம் சொல்லி மாட்டிக்கொண்டேன். பிரம்மதண்டைக் காட்டி, "ஆயா, இது வெளிநாட்டுச் செடி" என்றேன். அவர் கோலை ஊன்றிக்கொண்டு நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க ஆயா காலத்துலயே இருந்துச்சு கண்ணு. நீ எந்தப் புஸ்தகத்துல பாத்த?"

புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை. சொன்னாலும் பயனில்லை. "அப்புறம் எப்படி ஆயா நம்ம செடி எது, வந்த செடி எதுன்னு கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"ஆட்டைக் கேளு. ஆடு வாய் வெக்கலன்னா அது நம்ம செடி இல்ல."

திறவுகோலைவிட எளிமையான முறைதான். பார்த்தீனியம், உண்ணிச்செடி, பிரம்மதண்டு, நெய்வேலிக் காட்டாமணக்கு என்று வரிசையாக வைத்தால் ஆயாவின் சோதனை நன்றாகவே நிற்கிறது. ஆனால் ஆடாதோடை என்று ஒரு செடி இருக்கிறதே. ஆடு தொடாத இலை என்று பெயரிலேயே இருந்தும் அது இந்த மண்ணின் செடி. மறுபக்கம், சீமைக்கருவேலத்தின் காய் என்றால் ஆடு ஓடும். அதன் பரவலே அந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது. இனிப்பான நெற்றைத் தின்று, கெட்டியான விதையை வயிற்றில் பதப்படுத்தி, எருவோடு சேர்த்து அடுத்த கொல்லையில் போடுகிறது ஆடு. இவ்வளவையும் ஆயாவிடம் சொல்லவில்லை. அவருடைய ஆடுகள் அப்போது கரைக்கு அந்தப் பக்கம் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தன.

சீமைக்கருவேலத்தைப் பற்றி விமானத்தில் தூவினார்கள், அந்நியச் சதி என்றெல்லாம் வாட்ஸாப்பில் ஆண்டுக்கு ஒருமுறையாவது வரும். உண்மை அவ்வளவு கிளர்ச்சியூட்டுவது அன்று. விறகுப் பஞ்சத்துக்காகவும் வறண்ட நிலத்தில் பச்சை ஏற்றவும், சென்னை மாகாண வனப் பாதுகாவலராக இருந்த பெடோம் 1876இல் விதை கேட்டு எழுதினார். கடப்பைப் பக்கம் கமலாபுரத்தில் விதைப்பு நடந்தது. கேட்டவரும் தாவரவியலர்தான், தென்னிந்தியப் பெரணிகளையும் மரங்களையும் பற்றிய அவருடைய நூல்கள் இன்றும் மேற்கோளுக்கு வருபவை. நம் தாவரங்களை நன்றாக அறிந்த ஒருவர், நல்லெண்ணத்தோடு, அரசு முத்திரையோடு செய்த வேலை அது. இப்போது அந்த மரத்தின் பேரினப் பெயரையும் புரோசோபிஸ் என்பதிலிருந்து நெல்டுமா என்று மாற்றிவிட்டார்கள். வேலமரங்களின் அகேசியாவும் போய்விட்டது. வெள்வேல் இப்போது வாகெல்லியா. பாதி ஆயுள் மனப்பாடம் செய்த பெயர்களை ஓய்வு பெற்றபின் திருத்திக்கொண்டிருக்கிறேன்.

வெளியிலிருந்து வந்தவை எல்லாம் கெட்டவை என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். தர்மபுரிக்காரன் அப்படிப் பேசினால் அவனுக்குச் சோறு இல்லை. நாம் கிண்டும் களிக்கு ஆதாரமான கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலங்களில் பிறந்து, பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கே வந்தது. நம் மாவட்டத்துச் சாலைகளுக்கு நிழலாகவும், வீட்டுக்கு வருமானமாகவும் இருக்கும் புளியும் ஆப்பிரிக்க மரமே. அரபிக்காரர்கள் அதை இந்தியப் பேரீச்சை என்று பொருள்படும் பெயரால் அழைத்து, உலகையே ஏமாற்றிவிட்டார்கள். ராயக்கோட்டைச் சந்தையிலிருந்து லாரி லாரியாகப் போகும் தக்காளி அமெரிக்கக் கண்டத்தது. சந்தன மரம்கூட இங்கேயே தோன்றியதா, இந்தோனேசியத் தீவுகளிலிருந்து பழங்காலத்தில் கொண்டுவரப்பட்டதா என்ற விவாதம் இன்னும் முடிந்தபாடில்லை. தாவரவியலார் இதற்காகவே படிநிலைகள் வைத்திருக்கிறார்கள். வேலியைத் தாண்டாமல் மனிதக் கையை நம்பி வாழ்பவை ஒரு வகை. எப்போதாவது தப்பி முளைத்து, தானாகவே தீர்ந்துபோபவை இன்னொரு வகை. ஆள் துணையின்றித் தலைமுறை தலைமுறையாகப் பெருகி ஊரோடு ஒன்றிவிட்டவை வேறு வகை. அப்படி ஒன்றியபின், தாய்ச்செடியிலிருந்து வெகு தூரம் தாவித் தாவி வேகமாகப் பரவுபவற்றைத்தான் ஆக்கிரமிப்புத் தாவரம் என்பார்கள். வந்தவற்றில் பத்தில் ஒன்று வெளியே தப்பும், தப்பியதில் பத்தில் ஒன்று நிலைக்கும், நிலைத்ததில் பத்தில் ஒன்று தொல்லையாகும் என்று 1990களில் இங்கிலாந்தில் ஒரு கணக்குச் சொன்னார்கள். தோராயம் என்று அவர்களே ஒப்புக்கொண்ட கணக்கு. ஆனாலும் புளியையும் பார்த்தீனியத்தையும் ஒரே தட்டில் வைக்கக்கூடாது என்பதற்கு அது போதும்.

ஒரு முறை ராயக்கோட்டை மலையடிவாரத்தில் ஒரு சப்பாத்திக்கள்ளிப் புதரைப் பார்த்தேன். மடல்களில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளை வெள்ளையாக இருந்தது. ஒன்றை விரலால் நசுக்கினேன். இரத்தம்போல் செக்கச் சிவந்த சாயம் நகக்கண்வரை ஏறி, வீட்டுக்கு வந்து சோப்புப் போட்டும் மறுநாள்வரை போகவில்லை. அந்தப் பஞ்சுப்பூச்சிக்குப் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருக்கிறது. சாயத்துக்காக மெக்சிகோவில் வளர்க்கப்பட்ட கொச்சினீல் பூச்சியை இங்கேயும் வளர்க்க ஆசைப்பட்ட கிழக்கிந்தியக் கம்பெனி அதற்குத் தீனியாகக் கள்ளியை வளர்த்தது. சென்னையில் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்ற மருத்துவர் அதற்கென்றே ஒரு தோட்டம் வைத்திருந்தார். 1795இல் பிரேசிலிலிருந்து பூச்சி வந்தது. வந்தது வேறு இனம். சாயத்துக்கு அவ்வளவாக உதவாத அந்தப் பூச்சி கள்ளியை மட்டும் மிக நன்றாகத் தின்றது. நாற்பது ஆண்டு கழித்து, 1836 வாக்கில், கள்ளியை ஒழிக்கவே அதைத் தென்னிந்தியாவுக்குக் கொண்டுவந்து விட்டார்கள். ஒரு களையை அடக்க வேண்டுமென்றே ஒரு பூச்சியை இடம் மாற்றி வெற்றி கண்டதில் உலகிலேயே முதல் முயற்சி அதுதான் என்று பூச்சியியல் நூல்கள் சொல்கின்றன. அந்தப் பூச்சிக்கு மசியாத இன்னொரு கள்ளி இனத்துக்கு 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பஞ்சுப்பூச்சி வந்தது. இன்று நாம் காணும் கள்ளிப் புதர்கள் அந்தப் போரில் மிஞ்சியவை.

பார்த்தீனியத்துக்கும் அதே வழியைத்தான் பின்பற்றினார்கள். மெக்சிகோவிலிருந்து சைகோகிராமா என்ற வண்டைக் கொண்டுவந்து, சோதித்தபின் 1984இல் பெங்களூரில் வெளியே விட்டார்கள். ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர்தான். பழுப்புக் கோடு போட்ட வெண்ணிற முதுகோடு, பாசிப்பயறை விடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். ஆவணியில் நல்ல மழை பெய்த ஆண்டுகளில் எங்கள் ஏரிக்கரையில் நரம்பு மட்டும் மிஞ்சிய பார்த்தீனியத்தைக் காணலாம். மழை நின்றால் வண்டு மண்ணுக்குள் போய் உறங்கிவிடும். செடி உறங்குவதில்லை. ஒற்றைச் செடி பல்லாயிரம் விதை போடும் கணக்கில் வண்டு எப்போதும் ஒரு போகம் பின்தங்கியே இருக்கிறது. ஓசூர்ப் பக்கம் கன்னடம் பேசுகிறவர்கள் பார்த்தீனியத்தைக் காங்கிரஸ் கிட, அதாவது காங்கிரஸ் செடி, என்பார்கள். அரசியல் வேண்டாம், பெயரை மட்டும் குறித்துக்கொள்கிறேன்.

உண்ணிச்செடியின் கதை எனக்கு எல்லாவற்றையும்விட விசித்திரமாகப் படுகிறது. 1800களின் முதல் பத்தாண்டிலேயே கல்கத்தா தாவரவியல் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது. மகரந்தச் சேர்க்கைக்குப்பின் பூ நிறம் மாறுவதால் ஒரே கொத்தில் மஞ்சளும் செம்மஞ்சளும் இளஞ்சிவப்பும் இருக்கும்; யாருக்குத்தான் பிடிக்காது? ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் பல அமெரிக்க இனங்களை ஒன்றோடொன்று கலந்து கலந்து உருவாக்கிய கலப்பினம் அது. ஆகவே நம் காடுகளில் நிற்கும் உண்ணிச்செடிக்கு அமெரிக்காவில்கூடச் சரியான பிறந்த ஊர் இல்லை. தோட்டத்தில் பிறந்து காட்டில் குடியேறிய செடி. கொண்டைக்குருவி அதன் கருநீலப் பழத்தைத் தின்று மரத்துக்கு மரம் விதைத்துக்கொண்டு போகிறது. அஞ்செட்டியிலிருந்து பெட்டமுகிலாளம் ஏறும் வழியில் புல் இருந்த இடங்களில் இப்போது தலைக்குமேல் உண்ணிமுள். அந்தப் பக்கத்துக் காடுகள் 2014இல் காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டவை. யானைக்குப் புல் வேண்டும், உண்ணிக்கு அடியில் புல் வராது. வெட்டினால் கட்டையிலிருந்து தழைக்கும், எரித்தாலும் தழைக்கும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே வேரை அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தால்தான் சாகும் என்று டெல்லிப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சி. ஆர். பாபுவின் குழு காட்டியது. காவிரிக்கு அக்கரையில் மாதேஸ்வரன் மலையில் சோளகர்கள் அதன் தண்டை வேகவைத்துத் தோலுரித்து நாற்காலியும் கூடையும் செய்கிறார்கள். நல்ல நாற்காலி, நானும் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நாற்காலி செய்து காட்டை மீட்க முடியாது.

தமிழக அரசு 2022இல் அயல்தாவரங்களை அகற்றிச் சூழலை மீட்பதற்கென ஒரு கொள்கையை வெளியிட்டது. நல்லதுதான். அகற்றுவதற்கு இயந்திரமும் ஆளும் பணமும் ஒதுக்குகிறார்கள். என் குறை வேறு. எது எப்போது எங்கே வந்தது என்ற பதிவு இல்லாமல், தலைக்குமேல் வளர்ந்தபின்தான் எந்தச் செடியும் நம் கண்ணில் படுகிறது. நூறு செடி நிற்கும்போது பிடுங்கினால் அரை நாள் வேலை. நூறு ஏக்கர் ஆனபின் அது திட்ட மதிப்பீடு. அந்த நூறு செடியை முதலில் பார்த்து, பறித்து, காயவைத்து, ஊரும் நாளும் எழுதி வைக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் ஓரிடம் வேண்டும். ஒரு காலத்தில் அப்படி ஓரிடம் இருந்தது. நான் சில ஆண்டு பணியாற்றிய ஒரு கல்வி நிலையத்தில், எனக்கு முந்தைய தலைமுறை ஆசிரியர்கள் சேர்த்த தாள்கள் இரண்டு இரும்பு அலமாரி நிறைய இருந்தன. ஒரு கோடை விடுமுறையில் அறைக்கு வெள்ளையடித்தார்கள். பூச்சி அரித்தது எது, நல்லது எது என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் பொழுது இல்லை. விடுமுறை முடிந்து வந்தபோது அலமாரியில் கணினி விசைப்பலகைகள் அடுக்கியிருந்தன. எடைக்குப் போட்டதில் எவ்வளவு கிடைத்தது என்று நான் கேட்கவில்லை.

அதனால் பதினோரு ஆண்டாக நானே ஒரு சிறு கணக்கு வைத்துவருகிறேன். வீட்டு வாசலிலிருந்து ஏரி மதகுவரை ஒன்றரைக் கிலோமீட்டர். ஆடி, கார்த்திகை, மாசி என்று ஆண்டுக்கு மூன்று முறை, ஒரே பாதையில், கண்ணில் படும் களைகளை மட்டும் குறிப்பது. மலைப்பக்கம் போவதில்லை. முதல் ஆண்டுக் குறிப்பேட்டில் தும்பையும் நெருஞ்சியும் ஆவாரையும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. சாலையை அகலப்படுத்தக் கிராவல் மண் கொட்டிய ஆண்டுக்குப் பிறகு, தும்பை நின்ற இரண்டு இடங்களில் பார்த்தீனியத்தையே எழுதிக்கொண்டிருக்கிறேன். நெருஞ்சி எதற்கும் அசையவில்லை. மண் எந்த ஊரிலிருந்து வந்தது என்று லாரி ஓட்டுநரைக் கேட்டு எழுதியிருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த ஆவணியில் ஏரியைத் தூர்வார பொக்லைன் வந்தது. சக்கரச் சங்கிலியில் எந்த ஊர்ச் சேறு ஒட்டியிருந்ததோ தெரியாது. அது போன மூன்றாம் வாரம், கொட்டிய வண்டலின் மேல் நான் அதுவரை பார்த்திராத ஒரு செடி பதினான்கு நின்றது. எண்ணினேன். தண்டு சதுரம், இலை எதிரெதிர், கசக்கினால் புதினாவும் மண்ணெண்ணெயும் கலந்தாற்போல் ஒரு வாடை. கேம்பிளை வைத்துப் பார்த்தேன். துளசி வகையறாவரை வந்து, ஒரு பெயரில் நிறுத்தியது. நான் அந்தப் பெயரை நம்பவில்லை. மேத்யூ வேறொரு பெயருக்கு அனுப்பினார். பதின்மூன்றைப் பிடுங்கிக் கரையிலேயே எரித்தேன். ஒன்றை வேரோடு கொண்டுவந்து நாளிதழுக்குள் விரித்து, இலையில் ஒன்றை மட்டும் அடிப்பக்கம் தெரியத் திருப்பி வைத்து, அழுத்துப்பலகையை இறுக்கினேன்.

சீட்டையும் எழுதிவிட்டேன். தர்மபுரி மாவட்டம், பாலக்கோடு வட்டம், ஏரியின் கீழ்க்கரை, மதகிலிருந்து கிழக்கே நாற்பது அடி, பொக்லைன் கொட்டிய வண்டல் மேடு, பதினான்கு செடிகள், பக்கத்தில் பார்த்தீனியமும் கோரையும். பெயருக்கு விட்ட வரி இன்னும் காலியாக இருக்கிறது. காய்ந்ததும் தாளைக் கோவைத் தாவரவியல் மையத்துக்கு எடுத்துப் போக வேண்டும். இரண்டு நாளாகத் தூறல் விடாததால் நாளிதழ் ஈரம் இழுத்துக்கொள்கிறது. விடிந்ததும் மாற்ற வேண்டும்.